இனிகோ மார்ட்டினெஸை விலையின்றி அனுப்பியது பார்சிலோனாவுக்கு லாபமா, நட்டமா?

மேட்டூரான் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். 2025 நவம்பர் 25 அன்று லண்டனில் செல்சியிடம் பார்சிலோனா 3-0 என்று தோற்றதைப் பார்த்த பிறகு, ஆகஸ்ட் மாதத்திலிருந்தே மனத்தில் இருந்த சந்தேகத்தை இங்கே கேட்டுவிடலாம் என்று நினைத்தேன்.

போன சீசனில் பயிற்சியாளர் ஹான்ஸி ஃபிளிக்கின் அணி ஸ்பெயினின் லா லிகா லீக், கோபா டெல் ரே கோப்பை, சூப்பர் கோப்பை ஆகிய மூன்றையும் வென்றபோது, நடுக்கோடு வரை ஏறி நிற்கும் அதன் பின்வரிசையைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள். 2024 அக்டோபரில் பெர்னபேயு மைதானத்தில் ரியல் மாட்ரிட்டை 4-0 என்று வென்ற ஆட்டத்தில் அந்த அணியின் எம்பாப்பே மட்டும் 8 முறை ஆஃப்சைடில் (தனக்குப் பந்து அனுப்பப்படும் கணத்தில் எதிரணியின் பின்வரிசையைத் தாண்டி நிற்கும் தவறில்) சிக்கினார். அந்த வரிசையை முன்னே தள்ளுவதும் நிறுத்துவதும் பெரும்பாலும் மையத் தற்காப்பு வீரர் இனிகோ மார்ட்டினெஸின் வேலையாக இருந்தது என்பது என் கணிப்பு. அப்படிப்பட்டவரை இந்த ஆகஸ்டில் ஒரு யூரோகூட வாங்காமல் சவூதியின் அல் நஸர் அணிக்குப் போக விட்டார்கள். அதே வாரங்களில், புதிதாக வந்த கோல்கீப்பர் ஜோன் கார்சியாவையும், லோனில் வந்த ரேஷ்ஃபோர்டையும் பதிவு செய்ய முடியுமா என்ற இழுபறி நடந்துகொண்டிருந்தது.

அதன்பிறகு செவில்லாவில் 4-1 தோல்வி, பெல்ஜியத்தின் ப்ரூஹாவில் 3-3 டிரா, இப்போது செல்சி. நான் கேட்க விரும்புவது இரண்டு. நூறு கோடி யூரோவுக்கு மேல் கடன் வைத்திருக்கும் ஒரு கழகம் ஆட்களை வாங்கவும் செய்கிறது, பிறகு அவர்களைப் பதிவு செய்ய முடியாமல் தவிக்கவும் செய்கிறது, இது எப்படி? கணக்குக்காக ஒரு தற்காப்பு வீரரை விட்டதால்தான் இந்தப் பின்வரிசை உடைந்ததா, அல்லது அவர்மீது நாம் தேவையில்லாமல் பாரத்தை ஏற்றுகிறோமா? கணக்கு அறிந்தவர்களும் ஆட்ட நுணுக்கம் அறிந்தவர்களும் சற்று விளக்கமாக எழுதினால் நன்றாக இருக்கும்.

தணிக்கைத்தாள் எழுதிய பதில்:

முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். கடன் வேறு, பதிவு உரிமை வேறு என்று பிரித்துப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். வங்கி கடன் கொடுக்கத் தயாராக இருக்கும்வரை ஒரு கழகம் வீரரை வாங்கலாம். லா லிகா நிர்வாகம் கேட்பது வேறு கேள்வி. கழகத்தின் வருமானத்திலிருந்து விளையாட்டு சாராத செலவுகளையும் கடன் தவணைகளையும் கழித்த பிறகு, அணிக்காக ஓர் ஆண்டில் எவ்வளவு செலவழிக்கலாம் என்று அது ஓர் உச்சவரம்பு விதிக்கிறது. வீரர்களின் ஊதியம், ஊக்கத்தொகை, சமூகக் காப்பீட்டுத் தொகை, அவர்களை வாங்கிய விலையின் அந்த ஆண்டுக்கான பங்கு ஆகிய அனைத்தும் அந்த வரம்புக்குள் அடங்க வேண்டும். அடங்காவிட்டால், ஒப்பந்தம் கையெழுத்தாகி, பணமும் கைமாறி, ரசிகர்கள் முன் சட்டையைத் தூக்கிக் காட்டிய பிறகும் அந்த வீரர் ஆட முடியாது.

விலையின் ஆண்டுப் பங்குதான் பலரும் கவனிக்காத இடம். 2019இல் கிரீஸ்மனை அட்லெட்டிகோவிடமிருந்து 12 கோடி யூரோவுக்கு ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் வாங்கியபோது, கணக்கேட்டில் ஆண்டுக்கு 2.4 கோடி யூரோ தேய்மானமாக ஏறியது. ஊதியம் அதற்கு மேல். 2017இல் நெய்மரை பாரிஸின் பிஎஸ்ஜி அணி 22.2 கோடி யூரோ கொடுத்து அழைத்துச் சென்ற பிறகு, அந்தப் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு பதற்றத்தில் கடைக்குப் போனவர்கள் பார்தொமேயு தலைமையிலான அன்றைய நிர்வாகிகள். டெம்பெலேவுக்கு 10.5 கோடி, சில மாதங்களில் கூட்டின்யோவுக்கு 12 கோடி, அவற்றுக்கு மேல் நிபந்தனைத் தொகைகள். பணம் கையில் இருப்பது விற்பவர்களுக்கும் தெரியும் என்பதால் விலை குறையவில்லை. மூன்று பெரிய கொள்முதல்களின் தேய்மானமும், மூத்த வீரர்களுக்கு அடுத்தடுத்து உயர்த்திக் கொடுத்த ஊதியமும் சேர்ந்து நின்ற நேரத்தில்தான் கொரோனா வந்து மைதானத்தின் கதவுகளை மூடியது.

2021 ஆகஸ்டில் கழகத் தலைவர் லப்போர்தா செய்தியாளர்களைச் சந்தித்துச் சொன்ன கணக்கின்படி கடன் 135 கோடி யூரோ, ஊதியச் செலவு வருமானத்தில் 103 விழுக்காடு. ஊதியத்தைப் பாதியாகக் குறைத்துக்கொள்ள மெஸ்ஸி சம்மதித்திருந்தும் அவரைப் பதிவு செய்ய முடியாமல் போனதற்கு இதுதான் காரணம். 2020-21 நிதியாண்டின் இழப்பு 48.1 கோடி யூரோ. 2022 மார்ச்சில் லா லிகா அறிவித்த பட்டியலில் மற்றக் கழகங்களுக்கெல்லாம் ஒரு செலவு வரம்பு இருக்க, பார்சிலோனாவின் வரம்பு மைனஸ் 14.4 கோடி யூரோவாக இருந்தது. அதாவது அணிக்கென்று ஒரு காசு செலவழிப்பதற்கு முன்பே பள்ளத்தில் நின்றார்கள். இந்த நிலையில் உள்ள கழகம், மிச்சப்படுத்தும் தொகையில் ஒரு பகுதியை மட்டுமே புதிய வீரருக்குப் பயன்படுத்தலாம்; ஒரு காலத்தில் அது கால் பங்காக இருந்தது. வரம்புக்குள் வந்துவிட்டால் மிச்சப்படுத்திய ஒரு யூரோவுக்கு ஒரு யூரோ செலவழிக்கலாம்.

2022 கோடையில் 'நெம்புகோல்கள்' என்று பெயர் சூட்டி அவர்கள் செய்தது, தென்னந்தோப்பை 25 ஆண்டுக் குத்தகைக்கு விட்டு, முழுப் பணத்தையும் முன்கூட்டியே வாங்கி அந்த வருடத் திருமணத்தை நடத்தி முடித்ததற்குச் சமம். லா லிகா தொலைக்காட்சி வருமானத்தில் 10 விழுக்காட்டை 25 ஆண்டுகளுக்கு சிக்ஸ்த் ஸ்ட்ரீட் என்ற முதலீட்டு நிறுவனத்துக்கு 20.75 கோடி யூரோவுக்குக் கொடுத்தார்கள். சில வாரங்களில் மேலும் 15 விழுக்காடு போனது. அந்த வருமானம் அப்போது ஆண்டுக்குச் சுமார் 16 கோடி யூரோ. அதே அளவில் நீடித்தால் ஆண்டுதோறும் 4 கோடி யூரோ இனி கழகத்தின் கைக்கு வராது. லெவண்டோவ்ஸ்கி 4.5 கோடி, ராஃபின்யா 5.8 கோடி, கூந்தே 5 கோடி என்று வாங்கியதெல்லாம் இந்தப் பணத்தின் துணையோடுதான். ராஃபின்யாவும் கூந்தேவும் அந்த விலைக்கு மேலாகவே உழைத்துக் கொடுத்துவிட்டார்கள் என்பதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் பார்சா ஸ்டூடியோஸ் என்ற துணை நிறுவனத்தின் பங்குகளை 20 கோடி யூரோவுக்கு விற்றதாகக் கணக்கில் எழுதினார்களே, அதில் வாங்கியவர்கள் முழுப் பணத்தையும் கட்டவில்லை. ஏட்டில் எழுதிய மதிப்பைப் பின்னர் குறைக்க வேண்டியிருந்ததால் 2023-24 நிதியாண்டு 9.1 கோடி யூரோ இழப்பில் முடிந்தது. ஐரோப்பியக் கால்பந்து ஒன்றியமும் இப்படிப்பட்ட சொத்து விற்பனையைக் கால்பந்து வருமானமாக ஏற்பதில்லை. 2025 ஜூலையில் அது விதித்த அபராதம் 1.5 கோடி யூரோ, நிபந்தனைகளை மீறினால் மேலும் 4.5 கோடி.

இனி நீங்கள் கேட்ட ஆகஸ்ட் மாதத்துக்கு வருகிறேன். ஒரு வீரர் நான்கு மாதங்களுக்கு மேல் ஆட முடியாத காயத்தில் இருந்தால், அவருக்கான செலவில் 80 விழுக்காடு வரை தற்காலிகமாக இன்னொருவரைப் பதிவு செய்யப் பயன்படுத்த லா லிகா விதி இடம் தருகிறது. 2024இல் தற்காப்பு வீரர் கிறிஸ்டென்சனின் காயத்தைக் காட்டித்தான் டானி ஓல்மோவைப் பாதி சீசனுக்குப் பதிவு செய்தார்கள். ஆண்டு முடிவில் அந்தப் பதிவு காலாவதியாகி, மைதானத்தின் விஐபி இருக்கைகளைச் சுமார் 10 கோடி யூரோவுக்கு விற்றதாகக் கணக்குக் காட்டி, அது குறித்த நாளுக்குள் ஏற்கப்படாமல், கடைசியில் ஸ்பெயின் அரசின் விளையாட்டு ஆணையம் தலையிட்ட பிறகே ஓல்மோ ஆட முடிந்தது. இந்த ஆண்டு முதுகு அறுவை சிகிச்சை செய்துகொண்ட கோல்கீப்பர் டெர் ஸ்டேகனின் மருத்துவ அறிக்கையை வைத்து ஜோன் கார்சியாவைப் பதிவு செய்தார்கள். அந்த அறிக்கையை அனுப்ப டெர் ஸ்டேகன் முதலில் ஒப்புக்கொள்ளாததால் கேப்டன் பொறுப்பைப் பறித்ததும், அவர் கையெழுத்திட்டவுடன் திருப்பிக் கொடுத்ததும் நூறாண்டு கடந்த ஒரு கழகத்துக்கு அழகான காட்சியாக எனக்குத் தோன்றவில்லை.

இனிகோ 2023இல் விலையில்லாமல் வந்தவர். அவர் பெயரில் தேய்மானம் எதுவும் இல்லை. செலவு முழுவதும் ஊதியம்தான். போனால் அந்த ஊதியம் முழுவதும் உடனே இறங்கிவிடும். வயது 34, ஒப்பந்தம் 2026 ஜூன் வரை. சவூதி அழைப்பை அவரே விரும்பினார், கழகம் தடுக்கவில்லை. மாற்று வழி என்ன என்று யோசித்துப் பாருங்கள். கழகத்தின் சொந்தப் பயிற்சிப் பள்ளியான லா மாசியாவிலிருந்து வந்த பையனுக்குக் கணக்கேட்டில் மதிப்பு கிட்டத்தட்டப் பூஜ்யம் என்பதால், அவனை விற்றால் கிடைக்கும் தொகை ஏறத்தாழ முழுவதும் லாபமாகவே எழுதப்படும். நெருக்கடியில் உள்ள எந்தக் கழகத்துக்கும் அதுதான் பெரிய சபலம். அப்படி வந்த ஃபெர்மினையோ கசாடோவையோ விற்பதற்குப் பதில் 34 வயதுக்காரரைப் போக விட்டது, கணக்கை மட்டும் வைத்துப் பார்த்தால், சரியான முடிவு என்றே சொல்வேன்.

பின்கள நோக்கர் எழுதிய பதில்:

தணிக்கைத்தாள் கணக்கைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். ஆட்டத்தின் பக்கத்திலிருந்து பார்த்தால், இனிகோ போனதால் இழப்பு உண்டு, ஆனால் இந்த சீசனின் தோல்விகளுக்கு முதல் காரணம் அவர் இல்லாதது அன்று.

ஏறி நிற்கும் பின்வரிசை தனியாக ஒரு தற்காப்பு முறையே கிடையாது. பந்தை வைத்திருக்கும் எதிரணி வீரருக்குத் தலை தூக்கிப் பார்க்கும் அவகாசம் கிடைக்காதவரை மட்டும்தான் அது தற்காப்பு. அந்த அவகாசம் கிடைத்துவிட்டால் பின்வரிசைக்குப் பின்னால் கிடக்கும் நாற்பது மீட்டர் புல்வெளி எதிரணியின் சொத்து. ஆகவே ஃபிளிக்கின் தற்காப்பு லெவண்டோவ்ஸ்கி, ராஃபின்யா, யமால், ஓல்மோ ஆகியோரின் கால்களில்தான் தொடங்குகிறது. அவர்கள் பந்தை நெருக்கும்போது எதிரணி அவசரமாக நீளப் பந்து அடிக்கும். அந்தக் கணத்தில் பின்வரிசை நால்வரும் ஒன்றாக ஓரடி முன்னே வைத்தால் ஓடி வருபவர் ஆஃப்சைடு. பெர்னபேயு ஆட்டத்தில் மாட்ரிட் மொத்தமாக 12 முறை சிக்கியது இப்படித்தான். அந்த சீசனில்தான் லா லிகா அரைத் தானியங்கி ஆஃப்சைடு தொழில்நுட்பத்தைக் கொண்டுவந்தது என்பதையும் மறக்கக் கூடாது. முன்பெல்லாம் துணை நடுவரின் கண்ணுக்குத் தப்பிய கால் கட்டைவிரல் இப்போது தப்புவதில்லை. கடந்த ஏப்ரல் இறுதியில் இன்டருக்கு எதிரான சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியின் முதல் ஆட்டத்தில் மிகிதாரியனின் கோல் அப்படித்தான் ரத்தானது.

இனிகோவின் பங்கு எது? எப்போது முன்னே ஏறுவது, எப்போது ஏறாமல் இறங்கி ஓடுவது என்ற முடிவை எடுப்பவர் அவர். அவருக்குப் பக்கத்தில் ஆடிய குபார்சி பந்தைக் கையாள்வதில் அவரைவிட நேர்த்தியானவர் என்றாலும் வயது 18. தனக்கு இருபுறமும் நிற்பவர்களைக் குரல் கொடுத்து நகர்த்துவது அனுபவத்தில் வருவது. அதோடு இனிகோ இடதுகால்காரர். இடது மையத்திலிருந்து வலது ஓரத்தில் நிற்கும் யமாலுக்கு அவர் அடிக்கும் நீண்ட மூலைவாட்டுப் பந்து தாக்குதலுக்கே ஒரு வழியாக இருந்தது. அந்த இடத்தில் இப்போது எரிக் கார்சியாவோ அராவுஹோவோ நிற்கும்போது, வலதுகாலுக்குப் பந்தை மாற்றுவதற்குள் எதிரணி நெருங்கிவிடுகிறது. இந்த இழப்பைப் பலரும் பேசுவதில்லை. ஆஃப்சைடைவிட இதுதான் எனக்குக் கண்ணில் படுகிறது.

ஆனால் இனிகோ ஆடிய சீசனிலும் இந்த வரிசை ஒழுகிக்கொண்டுதான் இருந்தது. லிஸ்பனில் பென்ஃபிகாவை 5-4 என்று வென்றார்கள்; அட்லெட்டிகோவுடன் கோப்பை அரையிறுதியின் முதல் ஆட்டம் 4-4; இன்டருடன் இரண்டு ஆட்டங்களில் 7 கோல் வாங்கி வெளியேறினார்கள். லா லிகாவில் 102 கோல் அடித்ததால் 39 கோல் வாங்கியது கணக்கில் தெரியாமல் போயிற்று. இரண்டாண்டுகளுக்கு முன் அன்றைய பயிற்சியாளர் ஸாவியின் அணி அதே லீக்கை வென்றபோது வாங்கிய கோல்கள் 20 மட்டுமே. அந்த அணி நான்கு நடுக்கள வீரர்களை வைத்து, கவியை இடது ஓரத்தில் பெயரளவுக்கு நிறுத்தி, பந்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டு ஆபத்தைக் குறைத்த அணி. 2023இல் நடுக்களத்தில் காவல் நின்ற புஸ்கெட்ஸ் போன பிறகு அவருடைய இடத்துக்கு ஒருவரை வாங்கக் கழகத்தால் ஒதுக்க முடிந்த தொகை 34 லட்சம் யூரோ. ஜிரோனாவிலிருந்து ஓரியோல் ரொமேயு வந்தார், ஓராண்டில் திரும்பிப் போனார். அடுத்த சீசனில் வாங்கிய கோல்கள் 44. நடுக்களத்தில் காவலுக்கு ஆள் இல்லாத அணியைத்தான் ஃபிளிக் எடுத்துக்கொண்டார். காவலாளி இல்லையென்றால் காவல் தேவைப்படும் இடத்தையே சுருக்கிவிடலாம் என்பது அவருடைய விடை. பின்வரிசையை ஏற்றி, முன்வரிசைக்கும் அதற்கும் இடையிலான தூரத்தைக் குறைத்துவிட்டால் அந்த நெரிசலில் புஸ்கெட்ஸ் இல்லாத குறை தெரியாது. இந்த முறையின் வேரிலேயே பணத்தட்டுப்பாடு இருக்கிறது என்று நான் சொல்வது இதனால்தான்.

இந்த சீசனுக்கு வருவோம். செப்டம்பர் இறுதியில் ஒவியேதோவில் நடந்த ஆட்டத்தில் ராஃபின்யா தசைக் காயத்துடன் வெளியேறினார். அதே ஆட்டத்தில் ஜோன் கார்சியாவும் முழங்காலில் அடிபட்டார். யமாலுக்கு இடுப்புப் பகுதியில் வலி, கவிக்கு முழங்கால் அறுவை சிகிச்சை. போன சீசனில் 34 கோல் அடித்த ராஃபின்யாவை நாம் கோல்களால் அளக்கிறோம். ஃபிளிக் அவரை அளப்பது பந்து பறிபோன அடுத்த மூன்று விநாடிகளில் அவர் ஓடும் ஓட்டத்தால். அந்த இடத்தில் ஆடும் ரேஷ்ஃபோர்டு கோலும் அடிக்கிறார், கோலுக்கு வழியும் செய்கிறார். ஆனால் அந்த ஓட்டம் அவரிடம் இல்லை. பின்னால் கோல்கீப்பர் ஷ்செஸ்னி, ஓய்விலிருந்து திரும்பி வந்து போன சீசனைக் காப்பாற்றியவர், எனக்கு அவர்மீது மரியாதை உண்டு, ஆயினும் 35 வயதில் கோலுக்கு முன்னால் உள்ள பெட்டிக்கு வெளியே வந்து பந்தைத் துடைத்தெடுக்கும் வேகம் குறைவு. ப்ரூஹாவில் கார்லோஸ் ஃபோர்ப்ஸ் அடித்த இரண்டு கோல்களையும் திரும்பப் பாருங்கள். பின்வரிசையைப் பார்க்காமல், பந்தை அனுப்பியவரைப் பாருங்கள். அவரை நெருக்க யாரும் வரவில்லை. அங்கே இனிகோ நின்றிருந்தாலும் செய்வதற்கு அதிகம் இருந்திருக்காது.

கார்முகில் எழுதிய பதில்:

இருவரும் எழுதியதில் எனக்குப் பெரும்பாலும் உடன்பாடே. ஒரு முரணை மட்டும் சொல்ல வேண்டும். வறுமை இந்த அணிக்குத் தீமை மட்டும்தான் செய்தது என்பதுபோல் பேச்சு போகிறது. பணம் கையில் இருந்த ஆண்டுகளில் இதே கழகம் தன் பள்ளிப் பையன்களை என்ன செய்தது? எரிக் கார்சியா 2017இல் மான்செஸ்டர் சிட்டிக்குப் போனார். ஸாவி சிமன்ஸ் 2019இல் பாரிஸுக்குப் போனார். டானி ஓல்மோ 2014லேயே க்ரோவேஷியாவின் டைனமோ ஸாக்ரெப் அணியைத் தேடிப் போய்விட்டார். அந்த ஓல்மோவைத்தான் பத்தாண்டு கழித்து 5.5 கோடி யூரோவுக்குத் திரும்ப வாங்கி, பதிவு செய்ய முடியாமல் அரசு ஆணையம்வரை போனார்கள்.

கழகத்திடம் 2023இல் பணம் இருந்திருந்தால் ஒரு பெயர்பெற்ற மையத் தற்காப்பு வீரரையும் ஒரு வலது ஓரத் தாக்குதல் வீரரையும் வாங்கியிருப்பார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. குபார்சி இரண்டாம் அணியில் காத்திருந்திருப்பார். 15 வயதில் முதல் ஆட்டம் ஆடிய யமால் என்ற பையனும் அத்தனை சீக்கிரம் வந்திருக்க மாட்டார். பால்டே, ஃபெர்மின், கசாடோ ஆகியோரும் அப்படித்தான். இதை நிர்வாகத்தின் தொலைநோக்கு என்று கொண்டாடுபவர்களோடும் நான் சேரவில்லை. வேறு வழியில்லாததால் நடந்தது இது. 14 ஆகஸ்ட் 2020 அன்று லிஸ்பனில் 8-2 என்று பார்சிலோனாவை வென்ற பேயர்ன் அணியின் பயிற்சியாளர் இதே ஃபிளிக். அன்று அந்த எட்டில் இரண்டை அடித்தவர், 12 கோடி யூரோவுக்கு வாங்கி பேயர்னுக்கே லோனில் அனுப்பப்பட்டிருந்த கூட்டின்யோ. பணக்காரப் பார்சிலோனா எப்படி இருந்தது என்று யாராவது கேட்டால் அந்த ஆட்டத்தைத்தான் காட்டுவேன்.

மேட்டூரான் மீண்டும் கேட்டது:

மூவருக்கும் நன்றி. பின்கள நோக்கர் சொன்னபடி ப்ரூஹா ஆட்டத்தின் கோல்களை மறுபடி பார்த்தேன்; பந்தை அனுப்பியவருக்கு முன்னால் உண்மையில் யாரும் இல்லை. அப்படியானால் இரண்டு தொடர் கேள்விகள். முன்வரிசையின் நெருக்கடி இல்லாத வாரங்களில் பின்வரிசையைப் பத்துப் பதினைந்து மீட்டர் இறக்கி ஆடுவதில் என்ன தடை? இரண்டாவது, இப்போது சொந்த மைதானமான கேம்ப் நோவுக்குத் திரும்பிவிட்டார்கள்; இனி ஒவ்வொரு ஆகஸ்டிலும் இந்தப் பதிவுக் கூத்து நடக்காது என்று எதிர்பார்க்கலாமா?

தணிக்கைத்தாள் எழுதிய பதில்:

மைதானம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2023 முதல் மொன்ஜுயிக் மலைமேல் உள்ள ஒலிம்பிக் மைதானத்தில் ஆடியதால் ஆட்ட நாள் வருமானம் பாதிக்கப்பட்டது உண்மை; பழைய கேம்ப் நோவில் கிட்டத்தட்ட ஒரு லட்சம் பேர் உட்காரலாம், அங்கே அதில் பாதியளவுதான். நவம்பர் 22 அன்று அத்லெட்டிக் பில்பாவோவை 4-0 என்று வென்று திரும்பியபோதும் கட்டுமானம் முடியாததால் சுமார் 45,000 பேருக்குத்தான் இடம் இருந்தது. மேல் அடுக்கு முடிந்து விஐபி இருக்கைகள் நிறைந்தால் வருமானம் ஏறும், வரம்பும் ஏறும். ஆனால் இந்த மைதானத்துக்காக 2023இல் திரட்டிய தொகை 145 கோடி யூரோ. அதை மைதான வருமானத்திலிருந்தே அடைக்க வேண்டும். அணிக்கு வருவது அடைத்தது போக மீதிதான். தொலைக்காட்சிப் பணத்தின் கால் பங்கு ஏற்கெனவே வேறு கைக்குப் போய்விட்டது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு யூரோவுக்கு ஒரு யூரோ என்ற நிலையை அடைந்தாலும், அது பெரிய கொள்முதலுக்கான அனுமதி என்று யாரும் நினைக்கக் கூடாது. 2026 கோடையில் லெவண்டோவ்ஸ்கி, கிறிஸ்டென்சன் ஆகிய இருவரின் ஒப்பந்தமும் முடிகிறது. அந்த இரண்டு ஊதியங்களும் இறங்குவதுதான் மைதானத்தைவிட உடனடியாகக் கைகொடுக்கும்.

பின்கள நோக்கர் எழுதிய பதில்:

வரிசையை இறக்குவதில் உள்ள தடை முன்வரிசையிலேயே இருக்கிறது. லெவண்டோவ்ஸ்கிக்கு 37 வயது. நால்வரும் பதினைந்து மீட்டர் பின்வாங்கினால் அவரும் பின்வாங்க வேண்டும். பந்து கிடைத்ததும் அந்தத் தூரத்தை மறுபடி ஓட வேண்டும். அவர் முன்னாலேயே நின்றுவிட்டால் நடுவில் திறக்கும் வெளியைப் பெட்ரியும் ஃபிரெங்கி டி யோங்கும் இரண்டே பேராக நிரப்ப வேண்டும். இருவரும் பந்து கையில் இருக்கும்போது உலகத் தரம். எதிரணி வேகமாகப் பாய்ந்து வரும்போது மோதி நிறுத்தும் உடற்கட்டு இருவருக்கும் இல்லை. குபார்சியும் எரிக் கார்சியாவும் பெட்டிக்குள் நின்று உயரப் பந்துகளைத் தலையால் வெளியேற்றிப் பிழைக்கும் வகையினரும் அல்லர். இன்டரிடம் மூலைப் பந்துகளில் பட்ட பாடு நினைவிருக்கும். ஆகவே இறங்கி ஆடினால் ஆபத்து குறையாது, இடம் மட்டும் மாறும். ப்ரூஹா ஆட்டத்துக்குப் பிறகு தன் முறையை மாற்றப்போவதில்லை என்று ஃபிளிக் சொன்னதைப் பிடிவாதம் என்று பலர் எழுதினார்கள். அவரிடம் இருக்கும் ஆட்களை வைத்துப் பார்த்தால் அவருக்கு வேறு தேர்வு குறைவு.

அவர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஒன்றிரண்டு கோல் முன்னிலையில் இருக்கும்போது, கடைசி இருபது நிமிடங்களில் பந்தை வைத்துக்கொண்டு ஆட்டத்தின் வேகத்தைக் குறைப்பது. மிலானில் நடந்த இரண்டாம் அரையிறுதியில் 3-2 என்று முன்னிலையில் இருந்தபோது, இழப்பீட்டு நேரத்தில் ஒரு மையத் தற்காப்பு வீரரான அசெர்பி பார்சிலோனா பெட்டிக்குள் வந்து சமன் செய்யும்வரை அந்த அணி கோலை நோக்கித்தான் ஓடிக்கொண்டிருந்தது. அன்று ஆட்டத்தைத் தொடங்கிய பின்வரிசையில் இனிகோவும் இருந்தார்.

செல்சி ஆட்டத்தை நான் இந்த விவாதத்தில் சேர்க்க மாட்டேன். இடைவேளைக்கு முன்பே அராவுஹோ சிவப்பு அட்டை பெற்ற பிறகு பத்துப் பேரோடு ஆடிய ஆட்டம் அது. ராஃபின்யா இப்போதுதான் மாற்று வீரராகக் களமிறங்கத் தொடங்கியிருக்கிறார். அவரும் ஜோன் கார்சியாவும் தொடர்ந்து முழு ஆட்டங்கள் ஆடிய பிறகும் எதிரணிகள் இதே போலப் பின்வரிசைக்குப் பின்னால் புகுந்து வந்தால், நீங்கள் ஆகஸ்டில் சந்தேகப்பட்டது சரி, இனிகோவின் ஊதியத்தை வேறு எங்காவது மிச்சப்படுத்தியிருக்க வேண்டும் என்று நானும் சொல்வேன்.